மாடிப்படியும் மனித ஆயுளும்

மும்பை மாநகரில் சில ஆண்டுகளேனும் வாழ்ந்த தமிழருக்கு இரட்டை மாடிப் பஸ்ஸைப் பற்றி விவரித்துக் கூறவேண்டியதில்லை. 1937ஆம் ஆண்டில் அந்நகர வீதிகளில் ஓடத் தொடங்கிய அவ்வண்டிகளுள் பழைய வகையைச் சேர்ந்தவை 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் விடைபெற்றுக்கொண்டன. கீழ்த்தட்டுக்கு ஒரு கண்டக்டர், மேல்தட்டுக்கு ஒரு கண்டக்டர் என அவற்றில் இருவர் இருப்பது வழக்கம். இரட்டை மாடிப் பஸ்ஸுக்குப் பெயர்பெற்ற லண்டன் நகரத்திலோ, முன்னாளில் ஒரே கண்டக்டர்தான் இரண்டு தட்டுகளையும் கவனித்துக்கொண்டார். பிரயாணிகளுக்குச் சீட்டுக் கொடுப்பதற்காக அவர் நாள் முழுவதும் படியேறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார். அவருடைய தோழரான டிரைவர் முன்புறத்துச் சிறு அறையில் அமர்ந்து, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் வண்டியை ஓட்டினார்.

இருவரும் ஒரே வண்டியில் வேலை செய்தவர்கள். ஒரே நகரத்தின் புகையைச் சுவாசித்தவர்கள். ஏறத்தாழ ஒரே வகையான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இவர்களுள் ஒருவர் அமர்ந்திருப்பதாலும் மற்றவர் ஏறி இறங்குவதாலும் இருவருடைய ஆரோக்கியத்திலும் ஆயுளிலும் வேற்றுமை உண்டாகுமா? 1949ஆம் ஆண்டில் ஒரு வைத்தியர் இக்கேள்வியை ஆராயத் தொடங்கினார். உடலுழைப்புக்கும் உயிர் வாழ்வுக்கும் உள்ள உறவைப் பெரிய அளவில் எண்ணிக்கை கொண்டு நிலைநாட்டும் முயற்சி அங்கிருந்துதான் வளர்ந்தது. நாற்காலியில் அமர்ந்து பிழைப்பு நடத்தும் நம்மைப் போன்றோருக்கு அவ்வரலாறு வெறும் கதையன்று. நம் உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

உழைக்கும் உடல் நோயின்றி வாழும் என்னும் எண்ணம் புதியதன்று. நம் நாட்டு ஆயுர்வேத ஆசிரியர்களுள் சரகர், தேகப்பயிற்சியினால் உடல் இலேசாகும், வேலை செய்யும் ஆற்றல் பெருகும், பசித்தீ வளரும் என்று கருதினார். அளவு மீறினால் கேடு விளையும் என்றும் எச்சரித்தார். சுசுருதர் அந்த அளவையே வரையறுத்தார். ஒருவன் தன் வலிமையில் பாதியளவு பயிற்சி செய்தால் போதும் என்பது அவர் கருத்து. நீரிழிவை ஒத்த பிரமேக நோய்க்கு அவர் கூறிய சிகிச்சைகளுள் ஒன்று வியப்பானது. பொருளற்ற நோயாளி பாதரட்சையும் குடையும் இன்றி நூறு யோசனைத் தூரம் நடந்து திரிய வேண்டும்; அல்லது கிணறு வெட்ட வேண்டும். மருந்துக்குப் பணமில்லாதவனுக்கு மண்வெட்டியே மருந்தாயிற்று.

ஐரோப்பாவில் இக்கருத்தைத் தொழில்களோடு இணைத்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ரமாஸினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தையற்காரர் முதலாக உட்கார்ந்து வேலை செய்வோர் பலவகை நோய்களுக்கு ஆளாவதையும், ஓடித் திரியும் தூதர்களுக்கு அந்நோய்கள் வாராமையையும் அவர் கண்டறிந்து எழுதினார். ஓய்வு நாட்களிலேனும் உட்கார்ந்திருப்போர் உடலை அசைக்க வேண்டும் என்று அறிவுரை கூறினார். 1713ஆம் ஆண்டில் அந்நூலை விரிவுபடுத்தியபோது எழுத்தர்களைப் பற்றியும் ஓர் அத்தியாயம் சேர்த்தார். இடைவிடாத உட்காருகை, கையின் ஓயாத அசைவு, மனத்தின் அயர்ச்சி ஆகிய மூன்றுமே எழுத்தரின் துன்பங்களுக்குக் காரணம் என்பது அவர் முடிபு. மொழிபெயர்ப்புப் பணியில் நாளெல்லாம் தாளும் எழுத்துமாக இருக்கும் எனக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த முடிபு இன்று காலையில் எழுதப்பட்டது போலவே தோன்றுகிறது.

எனினும், அனுபவத்தால் அறிவது ஒன்று. ஐயமற நிரூபிப்பது வேறொன்று. 'அவர் உழைத்தார், நெடுநாள் வாழ்ந்தார்' என்று ஒருவரைக் காட்டினால், உழைத்தும் இளமையில் மாண்டவர் ஒருவரை மற்றவர் காட்டக்கூடும். இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கு ஆயிரக்கணக்கான மனிதரை ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கான அவசியம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் நடுத்தர வயது ஆண்கள் பலர் மாரடைப்பால் இறந்து வந்தனர். குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில் திடீரென்று சாயும் அவர்களுடைய மரணத்துக்குக் காரணம் யாதென்று வைத்தியர்களுக்கு விளங்கவில்லை.

இவ்வேளையில்தான் ஜெரி மாரிஸ் என்பவர் இத்துறையில் இறங்கினார். இவர் 1910ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்பு நாடிக் குடிபெயர்ந்து வந்த யூதத் தம்பதியரின் மகன். கிளாஸ்கோ நகரில் வளர்ந்தார். சிறு வயதில் தந்தை தம்மை நெடுந்தூரம் நடக்க அழைத்துச் செல்வார் என்றும், நான்கு மைல் தூரத்தை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்தால் ஐஸ்கிரீம் பரிசாகக் கிடைக்கும் என்றும் முதுமையில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்து இந்தியாவிலும் பர்மாவிலும் பணிபுரிந்தார். 1948ஆம் ஆண்டில் லண்டனில் சமூக மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று அமைந்தபோது அதன் பொறுப்பை ஏற்றார்.

மாரடைப்புக்கும் ஒருவர் செய்யும் தொழிலுக்கும் தொடர்பு உண்டோ என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. அதைச் சோதிப்பதற்குத் தக்க களமாக லண்டன் போக்குவரத்து ஸ்தாபனத்தைத் தேர்ந்தார். பஸ், டிராம், சுரங்க ரயில் ஆகியவற்றில் வேலை பார்த்த, 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 ஆண்களின் நோய் விவரங்கள் திரட்டப்பட்டன. ஆராய்ச்சியாளர் பஸ்களில் ஏறி, ஊழியர்கள் உட்காரும் நேரத்தையும் ஏறும் படிகளையும் கணக்கிட்டனர். டிரைவர் தம் வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அமர்ந்தே இருந்தார். கண்டக்டரோ ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்.

முடிவுகள் தெளிவாக இருந்தன. ஆண்டொன்றுக்கு ஆயிரம் டிரைவர்களில் 2.7 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் கண்டது. கண்டக்டர்களில் அத்தொகை 1.9 மட்டுமே. அன்றியும், கண்டக்டர்களுக்கு நோய் வந்தபோதும் அது காலந்தாழ்த்தி வந்தது, கடுமை குறைந்திருந்தது, வந்த உடனே உயிரைக் கொள்வதும் குறைவாக இருந்தது. ஒரே பஸ்ஸின் இரண்டு ஊழியர்களுக்கிடையே எமன் வேற்றுமை பாராட்டினான் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் மாரிஸ் அவசரப்படவில்லை. டிரைவருக்கு நெரிசலான சாலையில் வண்டி ஓட்டும் கவலை உண்டே, நோய்க்கு அக்கவலை காரணமாக இருக்கலாகாதா என்று கேட்பவர் கேட்கலாம். ஆகவே, வண்டி ஓட்டும் கவலையே இல்லாத வேறொரு துறையை அவர் நாடினார். அது தபால் துறை. நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் விநியோகிக்கும் தபால்காரர்களை, அதே துறையில் மேசை முன்னும் தொலைபேசி முன்னும் அமர்ந்து வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டார். அங்கும் அதே முடிவு கிடைத்தது. நடந்தவர்களுக்கு நோய் குறைவு, அமர்ந்தவர்களுக்கு மிகுதி. 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன.

இங்கே ஆராய்ச்சியாளரின் நேர்மைக்கு ஒரு சான்று கூற வேண்டும். டிரைவர் வேலைக்கு வருபவர்கள் தொடக்கத்திலேயே பருத்த உடலினராக இருந்தால் என்ன செய்வது? அப்போது நோய்க்குக் காரணம் ஆசனம் ஆகாது. பழைய உடல்வாகே ஆகும். இந்த ஆட்சேபத்தை மாரிஸின் குழுவினர் தாமே எழுப்பிக்கொண்டனர். விடை காண்பதற்கு அவர்கள் நாடியது ஸ்தாபனத்தின் சீருடைப் பதிவேடு. ஒவ்வோர் ஊழியருக்கும் தைத்துக் கொடுத்த கால்சட்டையின் இடுப்பளவு அதில் குறிக்கப்பட்டிருந்தது. டிரைவர்களின் இடுப்பு, இள வயதிலேயே கண்டக்டர்களின் இடுப்பைவிடப் பெரிதாக இருந்தது என்னும் உண்மையை, தங்கள் கொள்கைக்கு இடையூறாகத் தோன்றியபோதும், 1956ஆம் ஆண்டில் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டனர். பின்னர் மேலும் கணக்கிட்டுப் பார்த்தபோது ஐயம் தெளிந்தது. மெலிந்தவர், நடுத்தர உடலினர், பருத்தவர் என மூன்று வகையாகப் பிரித்து ஒப்பிட்டாலும், ஒவ்வொரு வகையிலும் திடீர் மரணம் கண்டக்டர்களிடையே குறைவாகவே இருந்தது.

1958ஆம் ஆண்டில் வேறொரு திசையிலிருந்தும் சான்று கிடைத்தது. இருதய நோயல்லாத வேறு காரணங்களால் இறந்த சுமார் 3,800 ஆண்களின் பிரேதப் பரிசோதனை விவரங்கள் பிரிட்டன் முழுவதிலிருந்தும் சேகரிக்கப்பட்டன. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்புப் படிவது எல்லாத் தொழிலினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்பட்டது. ஆனால், இரத்தம் கிட்டாமல் இருதயத் தசை நலிந்த வடுக்கள், உடலுழைப்புக் குறைந்த தொழிலினரிடம் மிகுதியாகவும், கடினமாக உழைத்தவரிடம் குறைவாகவும் இருந்தன. வயது தரும் தேய்மானம் எல்லாருக்கும் பொது. அதைத் தாங்கி நிற்கும் வலிமையே உழைத்த இருதயத்துக்குக் கிடைத்த தனிப்பேறு.

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. அன்று கல்கத்தா என வழங்கிய கொல்கத்தாவுக்கு அருகில், ஹூக்ளி நதிக்கரையில் செங்கைல் என்னும் ஊரில் ஒரு சணல் ஆலை இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் மேயர் என்னும் அறிஞர், ராய், மித்ரா என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் இருவருடன் சேர்ந்து, அவ்வாலையைச் சார்ந்த 213 ஆண்களின் உணவையும் உடல் எடையையும் உழைப்பையும் ஒப்பிட்டு 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடை வைத்து அமர்ந்திருப்போர், மேற்பார்வையாளர், குமாஸ்தாக்கள் ஒருபுறம். நெசவாளர், கரி சுமப்போர் மறுபுறம். உழைப்பவர்களிடையே உழைப்பு ஏற ஏற உணவும் ஏறியது, எடை ஏறவில்லை. ஆனால், ஏறத்தாழ அசைவே இல்லாதவர்கள், கடுமையாக உழைப்பவர்களுக்கு நிகராக உண்டார்கள். எடையும் அவர்களுக்கே மிகுதியாக இருந்தது. உழைக்காத உடல் தன் பசியின் அளவையும் மறந்துவிடுகிறது என்பது அந்த வங்காள ஆலை நமக்குப் புகட்டிய பாடம்.

படியேறும் தொழிலும் பாரம் சுமக்கும் தொழிலும் நாளடைவில் குறைந்து வந்தன. பாதி உலகம் மேசைக்கு வந்துவிட்டால், தொழிலிலிருந்து கிடைத்து வந்த காவலுக்கு மாற்று யாது? இவ்வினா மாரிஸை அடுத்த ஆராய்ச்சிக்கு ஈர்த்தது. இம்முறை அவர் தேர்ந்தெடுத்தவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். 40 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 17,000 பிரிட்டிஷ் அரசாங்க அலுவலர்கள் 1968 முதல் 1970 வரை இதில் சேர்க்கப்பட்டனர். திங்கட்கிழமை காலையில், முன்னறிவிப்பின்றி, அவர்களிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. கடந்த வெள்ளியன்றும் சனியன்றும் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்தார்கள் என்பதை ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகப் பிரித்து அவர்கள் எழுத வேண்டும். நாற்காலி எல்லாருக்கும் ஒன்றே. ஆகையால் வேற்றுமை ஓய்வு நேரத்தில்தான் இருக்க முடியும்.

1973ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, நீந்துதல், விரைந்து நடத்தல், தோட்டத்தில் மண் கொத்துதல் போன்ற சுறுசுறுப்பான செயல்களில் ஈடுபட்டவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. தொழில் கொடுக்காத காவலை ஓய்வு நேரம் கொடுக்க முடியும் என்பது இவ்வாறு புலனாயிற்று. அதே அலுவலர்களிடையே பின்னர் நடந்த ஆராய்ச்சி, மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. இளமையில் விளையாடிப் பின்னர் விட்டுவிட்டவர்களுக்கு அந்தப் பழைய விளையாட்டு எந்தக் காவலும் தரவில்லை. உழைப்பின் பயன் வங்கியில் போட்டு வைத்த பணம் போன்றதன்று. அன்றாடம் சமைத்து அன்றாடம் உண்ணும் சோறு போன்றது.

இதே உண்மையை அமெரிக்காவிலும் ஒருவர் கண்டார். அவர் பெயர் ரால்ப் பாபன்பார்கர். சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் 6,351 தொழிலாளரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பெருமுயற்சி தேவைப்படும் வேலை செய்தோரிடையே திடீர் இருதய மரணம் மற்றவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது என்று 1975ஆம் ஆண்டில் அறிவித்தார். பிறகு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் 16,936 பேரை ஆராய்ந்தார். கல்லூரி நாட்களில் பந்தய வீரராக விளங்கிப் பின்னர் சோம்பியவருக்கு நன்மை நிலைக்கவில்லை; மாணவப் பருவத்தில் மைதானத்தையே மிதிக்காமல் பின்னர் நடக்கவும் படியேறவும் தொடங்கியவருக்கு நன்மை கிட்டியது. வாரந்தோறும் நடை, படியேற்றம், விளையாட்டு ஆகியவற்றில் 2,000 கலோரி அளவேனும் செலவிட்டவர்களிடையே மரண விகிதம் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தது. அதனால் ஓராண்டு முதல் இரண்டாண்டுக்கு மேலும் ஆயுள் கூடும் என 1986ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். தம் குடும்பத்தில் இருதய நோய் இருந்தமையால், அவரும் 45ஆம் வயதில் ஓடத் தொடங்கி, 84 வயது வரை வாழ்ந்தார்.

இதைக் கேட்ட ஒருவர், "அப்படியானால் ரயில் நிலையத்தில் பெட்டி சுமக்கும் கூலியாளும், கட்டடத்தில் கல் சுமக்கும் சித்தாளுமல்லவோ நம் எல்லாரையும்விட நெடுநாள் வாழ வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 17 ஆராய்ச்சிகளிலிருந்து ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, தொழிலில் மிகக் கடுமையாக உழைக்கும் ஆண்களிடையே அகால மரணம் நூற்றுக்கு 18 பங்கு மிகுதி என்று கூறுகிறது. மணிக்கணக்கில் பாரம் சுமந்து, இளைப்பாற நேரமின்றி, போதிய உணவும் இன்றி வாடும் உடலுக்கு உழைப்பு மருந்தாவதில்லை. அது சுமையே ஆகிறது. கண்டக்டருக்குப் படியேற்றமும் உண்டு, இடையிடையே நிற்கவும் நேரம் உண்டு. வலிமையில் பாதியளவு என்று சுசுருதர் வரையறுத்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது. உழைப்பாளிக்கு வேண்டியது ஓய்வு. ஓய்வாளிக்கு வேண்டியது உழைப்பு.

அசைவின்மை உடலை எவ்வளவு விரைவில் வீழ்த்துகிறது என்பதற்கு, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966ஆம் ஆண்டில் நடந்த சோதனை ஒன்றைக் கூறலாம். இருபது வயதுடைய ஆரோக்கியமான இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். எழுந்தபோது அவர்களுடைய இருதயமும் தசைகளும் உழைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஐவரை மீண்டும் சோதித்தனர். முப்பதாண்டு முதுமை குறைத்த ஆற்றலைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை குறைத்த ஆற்றலே அதிகம் என்று தெரிந்தது! அசையும் தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. அசைவு நின்றால் இவை யாவும் பின்னோக்கிச் செல்கின்றன.

இனி நம் நிலையைப் பார்ப்போம். உலக நாடுகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2007ஆம் ஆண்டில் தெரிவித்தபடி, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. பிற நாட்டினருக்கு 59 வயதளவில் வருகிறது. நமக்கு ஆறு ஆண்டு முன்னதாகவே ஓலை வந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு நோயாளிகள் சுமார் 10 கோடி. 2022ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள்; பெண்களில் நூற்றுக்கு 57 பேர், ஆண்களில் 42 பேர். வீட்டு வேலை முழுவதையும் பெண்கள் தலையிலேயே சுமத்திவிட்டு, அவர்கள் சற்று வெளியே சென்று காற்றாட நடக்கவும் நேரம் விடாத நம் குடும்ப வழக்கத்தை இந்த எண்கள் சுட்டுகின்றன என்றே நான் கருதுகிறேன்.

அஞ்சுவதற்கே செய்தி கூறி, ஆறுதலுக்கு ஒன்றும் கூறாமல் விடலாகாது. சென்னையில் நீரிழிவு நிபுணர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் சேர்ந்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து உணவையும் ஒழுங்கு செய்துகொண்டோரில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மாத்திரை உண்டவர்களுக்குக் கிடைத்த நன்மையும் ஏறத்தாழ அவ்வளவே. கடையில் வாங்கும் மாத்திரைக்கு நிகரான பயனைக் காலணியும் கட்டுப்பாடும் கொடுத்தன என்பதை நாம் மறக்கலாகாது.

மொழிபெயர்ப்போனுக்குச் சொல்லின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். தேகப்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் கரளாக்கட்டையும் மல்யுத்தக் கூடமும் நம் மனத்தில் தோன்றுகின்றன. 'அது இளைஞருக்கு, நமக்கு ஏது?' என்று ஒதுங்கிவிடுகிறோம். லண்டன் கண்டக்டர் எந்தத் தேகப்பயிற்சியும் செய்யவில்லை. அவர் சீட்டுக் கொடுத்தார். தபால்காரர் கடிதம் கொடுத்தார். நம் உயிரைக் காப்பது பயிற்சி என்னும் தனிச் சடங்கன்று. நாள்தோறும் தவறாத அசைவு. உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவும் இதற்கு இணங்கியதே. வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவில் ஈடுபட வேண்டும். இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் செயல் வேண்டும். அவ்வளவு இயலாதவர்க்குச் சிறிதளவும் நன்மையே. ஏற்கெனவே இருதய நோயோ மூட்டுவலியோ உள்ளவர்கள் வைத்தியரைக் கலந்துகொண்டு மெல்லத் தொடங்குதல் நலம்.

சொந்த ஊரைவிட்டு வந்த நம்மிடம் இழந்தவற்றின் கணக்கு ஒன்று உண்டு. ஆற்றங்கரை, கோயில் வீதி, உறவினர் திண்ணை என்று அது நீளும். அவற்றுக்கிடையே நாம் கால்நடையாகக் கடந்த தூரத்தையும் இழந்தோம் என்பதை எவரும் அக்கணக்கில் எழுதுவதில்லை. ஊருக்குத் திரும்பிப் போனால்தான் அதை மீட்க முடியும் என்பதில்லை. டில்லியில் இருப்பவர்களுக்கு இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் படிகள் இருக்கின்றன. எந்த நகரத்தில் இருப்பவர்க்கும் அலுவலகத்து மாடிப்படி இருக்கிறது. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி வீட்டுக்கு நடக்க எந்த மாநிலத்திலும் தடை இல்லை. துணைக்கு ஒரு நண்பரையோ, இல்லத்தரசியையோ அழைத்துக்கொண்டால் தமிழில் பேசிக்கொண்டே நடக்கலாம். அதுவும் ஒரு நன்மைதானே?

மாரிஸ் தம் கண்டுபிடிப்பைத் தாமே கடைப்பிடித்தார். 1960களில் லண்டன் ஹாம்ஸ்டெட் திடலில் மேற்சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு ஞாயிறுதோறும் ஓடுவார். கண்டவர்கள் அவருக்குச் சித்தம் பேதலித்ததோ என எண்ணினார்களாம். 1996ஆம் ஆண்டில் அவருக்கும் பாபன்பார்கருக்கும் ஒலிம்பிக் சங்கம் விளையாட்டு விஞ்ஞானத்துக்கான பரிசை வழங்கியது. 2009ஆம் ஆண்டில் 99 வயது நிரம்பியவராக மாரிஸ் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கண்டக்டரோடு கூடிய அந்தப் பழைய பஸ்கள் லண்டனின் வழக்கமான தடங்களிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. ஒரு காலத்தில் அறியாமலே தம் உயிரைக் காத்துக்கொண்ட ஒரு தொழிலினர் அவ்வாறு மறைந்தனர். அவர்களுக்குப் படி ஏறுவது பிழைப்பாயிருந்தது. நமக்கு அதை யாரும் கட்டளையிடப் போவதில்லை. கூலி கொடுக்கப் போவதும் இல்லை. படி மட்டும் அங்கேயே இருக்கிறது. நாளைக் காலையில் மின்தூக்கியின் வாயிலில் நிற்கும்போது அதை நினைவு கூருங்கள்.